ஒன்பதாம் மாத ஊசி: போட்டால் என்ன ஆபத்து, போடாவிட்டால் என்ன ஆபத்து?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஒன்பது மாதம் முடியப்போகிறது. எம்.ஆர். (தட்டம்மை, ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ரூபெல்லா இரண்டுக்குமான) ஊசிக்கு வரச்சொல்லி நர்ஸம்மா அட்டையில் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றரை மாத ஊசிக்குப் பிறகு குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல், தொடையில் வீக்கம், விடிய விடிய அழுகை. இதற்கிடையில், பக்கத்து ஊரில் எம்.ஆர். ஊசி போட்ட மறுவாரம் ஒரு குழந்தைக்கு ஜன்னி கண்டதாகப் பேச்சு. "இப்பல்லாம் யாருக்கு அம்மை வருது? நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்குக் குத்தணும்?" என்கிறார் மாமியார். கணவரும் தயங்குகிறார். நன்மை அதிகமா, ஆபத்து அதிகமா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மறைக்காமல் சொல்வதென்றால், தடுப்பூசியில் ஆபத்து உண்டு. எந்த ஊசியிலும் உண்டு. "ஒன்றுமே ஆகாது, போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்ததும் அந்த வார்த்தை பொய்யாகிவிடுகிறது, அடுத்த ஊசிக்கு அந்தத் தாய் வருவதில்லை. அதனால் எனக்குத் தெரிந்த எண்களை அப்படியே தருகிறேன். நோயின் எண்களையும் பக்கத்திலேயே வைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எடுக்கும் முடிவு, எந்தப் பக்கம் எடுத்தாலும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவுதான்.

எம்.ஆர். ஊசியில் இருப்பவை வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள தட்டம்மை, ரூபெல்லா வைரஸ்கள். உடம்புக்குள் போய்க் கொஞ்சம் பெருகினால்தான் அவை எதிர்ப்பு சக்தியை உண்டாக்கும். அதனால் ஊசி போட்ட அன்று பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், லேசாகத் தடிப்பு தெரியும். அந்தக் காய்ச்சல் சட்டென்று ஏறும்போது மூவாயிரம் நாலாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வலிப்பு வரலாம். ஆக, பக்கத்து ஊர்க் குழந்தைக்கு ஊசி போட்ட மறுவாரம் ஜன்னி வந்தது என்பது வெறும் வதந்தியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உண்மையாகவே இருக்கலாம். கண்ணெதிரில் பார்க்கும் தாய்க்கு அது உயிர் போகிற பயம். ஆனால் காய்ச்சலால் வரும் இந்த வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும். மூளையில் தழும்பு எதையும் விட்டுப்போவதில்லை. இதைவிட அரிதாக, முப்பது நாற்பது ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு ரத்தத்தட்டுகள் தற்காலிகமாகக் குறைந்து தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்ற அளவில் வருவது. அது வந்தால் பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்திலேயே வந்துவிடும். ஊசி போட்டதும் அரைமணி நேரம் உட்காரச் சொல்வது இதற்காகத்தான். ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி அங்கேயே கைவசம் இருக்க வேண்டும்.

இனி நோயின் கணக்கு. தட்டம்மையை நம் ஊர்ப்பக்கம் மணல்வாரி என்பார்கள். வேப்பிலை கட்டி, தண்ணீர் ஊற்றி, தானாக இறங்கிப்போகும் ஒன்றாகவே அது நம் வீட்டு ஞாபகத்தில் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இறங்கித்தான் போகும். இறங்காத குழந்தைகள்தான் பிரச்சினை. தட்டம்மை கண்ட இருபது குழந்தைகளில் ஒன்றுக்கு நிமோனியா வருகிறது. ஆயிரத்தில் ஒன்றுக்கு மூளைக்காய்ச்சல். நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளிலேயே ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை சாவு. சத்துக்குறைவும் வைட்டமின் ஏ பற்றாக்குறையும் உள்ள இடங்களில் இது பல மடங்கு கூடும், பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போகும். ஒரு வயதுக்குள் நோய் கண்டு தேறிய குழந்தைகளில் மிகச் சிலருக்கு ஏழெட்டு வருடம் கழித்து மூளை மெல்லச் சிதைந்துபோகும் ஒரு நோய் வரும். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை கையெழுத்து கோணலாகி, நடை தடுமாறி, ஒன்றிரண்டு வருடத்தில் படுத்த படுக்கையாகிவிடும். அதற்குக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இன்னொன்று 2019இல்தான் தெளிவாகத் தெரியவந்தது: தட்டம்மை வந்துபோன குழந்தைகளின் உடம்பில், மற்ற நோய்களுக்கு எதிராக ஏற்கனவே சேர்ந்திருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோயிருந்தன. அம்மை இறங்கிய பிறகும் பல மாதங்களுக்குக் குழந்தை மாறி மாறிச் சளி, வயிற்றுப்போக்கு என்று படுப்பதற்கு இது ஒரு காரணம்.

ஊசியால் வருவதாகச் சொன்ன வலிப்பும் ரத்தத்தட்டுக் குறைவும் தட்டம்மையிலும் ரூபெல்லாவிலும் வருகின்றன, இன்னும் அதிகமாகவே வருகின்றன.

ரூபெல்லா குழந்தைக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஆனால் அந்தக் குழந்தையிடமிருந்து கர்ப்பிணியான அத்தைக்கோ சித்திக்கோ முதல் மூன்று மாதங்களில் தொற்றினால், வயிற்றிலிருக்கும் பிள்ளை கண்புரையோடும் காது கேளாமையோடும் இதயக் குறையோடும் பிறக்கலாம். 1990களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளின் கண்புரைக்குக் காரணம் தேடியபோது ரூபெல்லா முக்கியமான காரணங்களில் ஒன்றாக வந்து நின்றது.

சரி, மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். "இப்ப யாருக்கு வருது?" என்ற கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். கணக்கின் மையமே அந்தக் கேள்விதான். நோய் உண்மையிலேயே ஒழிந்துவிட்டால், தடுப்பூசியின் மிகச் சிறிய ஆபத்துகூடத் தேவையில்லாத ஆபத்தாகிவிடும். பெரியம்மைக்கு அப்படித்தான் நடந்தது. அந்தத் தடுப்பூசி பத்து லட்சம் பேரில் ஓரிருவரின் உயிரைப் பறிக்கக்கூடியது. ஊரெல்லாம் பெரியம்மை இருந்தவரை அது மிக மலிவான விலை. 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததும், அந்த ஊசியும் உலகெங்கும் நிறுத்தப்பட்டது. நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் இருக்கும் அந்த வட்டத் தழும்பு இன்றைய பிள்ளைகளிடம் இல்லை.

போலியோவில் இது இன்னும் நுணுக்கமாக நடந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் "பக்கவிளைவை மூடி மறைக்கிறார்கள்" என்ற சந்தேகத்துக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. நாம் வாயில் விடும் சொட்டு மருந்தில் இருப்பதும் வலுவிழந்த உயிர் வைரஸ்தான். ஏறக்குறைய 27 லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தச் சொட்டு மருந்தே இளம்பிள்ளைவாதத்தை உண்டாக்கிவிடும். இது ரகசியமில்லை, பல பத்தாண்டுகளாக மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருப்பது. இயற்கையாகப் பரவும் காட்டு வைரஸ் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், தொற்றியவர்களில் இருநூறில் ஒருவருக்குக் கால் போனது. அப்போது 27 லட்சத்தில் ஒன்று என்பதைப் பெரிதாக எண்ண முடியவில்லை. ஆனால் அமெரிக்காவில் காட்டு போலியோ மறைந்த பிறகு, வருடத்துக்கு எட்டுப் பத்துப் பேருக்கு வந்துகொண்டிருந்த வாதம் முழுக்கச் சொட்டு மருந்தால் வந்ததுதான். அங்கே 2000இல் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, கொல்லப்பட்ட வைரஸ் கொண்ட ஊசிக்கு மாறினார்கள். இந்தியாவிலும் ஊசிக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் பல ஆண்டுகள் வலியுறுத்திவந்தார். இந்தியாவின் கடைசிக் காட்டு போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. 2015 கடைசியில் போலியோ ஊசி நம் அட்டவணைக்குள் வந்தது. 2016 ஏப்ரலில், அதிகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த இரண்டாம் வகை வைரஸைச் சொட்டு மருந்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒரே சமயத்தில் இந்த மாற்றத்தைச் செய்தன. அதற்கும் ஒரு விலை இருந்தது. தடுப்பூசி சரியாகப் போய்ச்சேராத சில நாடுகளில், முன்பு கொடுத்த மருந்திலிருந்த அந்த இரண்டாம் வகை மறுபடி வீரியம் பெற்றுப் பரவியது. எடுத்த முடிவின் விளைவை இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தட்டம்மை அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மனிதர்களுக்குத் தெரிந்த தொற்றுகளில் இவ்வளவு வேகமாகப் பரவுவது அரிது. நோயாளி இருந்துவிட்டுப் போன அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் இருக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்கு வரும். 2022 கடைசியில் மும்பையின் கோவண்டி பகுதியில் வெடித்துக் குழந்தைகளின் உயிரைக் குடித்தது இதே நோய்தான். உங்கள் தெருவில் யாருக்கும் வரவில்லை என்றால், தெருவிலுள்ள மற்ற பிள்ளைகளெல்லாம் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பாதுகாப்பு உங்கள் பிள்ளைக்கும் கிடைக்கிறது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் போட்டிருந்தால்தான் அது தாங்கும்.

மருந்தின் இயல்பான பக்கவிளைவு வேறு, மருந்தைக் கொடுப்பதில் நடக்கும் தவறு வேறு. இரண்டாவதுதான் எனக்கு உண்மையில் பயம் தருவது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோயின. அந்தப் பெற்றோருக்கு எந்தப் புள்ளிவிவரமும் ஆறுதல் தராது. அதன் பிறகு தமிழகத்தில் ஊர் ஊராகப் போய் அங்கன்வாடியில் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். எச்சரிக்கை நியாயமானது. ஆனால் கூலிவேலையை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிப் பிள்ளையைத் தூக்கிப்போக முடியாத தாய்மார்கள் பின்தங்கினார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகளின் விகிதம் 2005-06இல் தமிழ்நாட்டில் 81 விழுக்காடு, 2015-16இல் 70. தூரமும் பயமும் இந்தச் சரிவில் பெரிய பங்கு வகித்தன என்பது என் எண்ணம். 2019-21 கணக்கில் அது 89க்கு ஏறியதைப் பார்த்தபோதுதான் மனசு ஆறியது.

சமோவா என்ற பசிபிக் தீவு நாட்டில் இதே போன்ற ஒன்று இன்னும் கொடூரமாக முடிந்தது. 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் ஊசி போட்டதும் இறந்தன. பொடியாக வரும் தட்டம்மை மருந்தைக் கரைக்க அதற்குரிய நீருக்குப் பதிலாக, காலாவதியான, தசையைத் தளர்த்தும் அறுவைசிகிச்சை மருந்தை நர்ஸுகள் கலந்திருந்தார்கள். தடுப்பூசியின் மேல் தவறில்லை. ஆனாலும் தடுப்பூசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். மக்களின் நம்பிக்கையும் போனது. தட்டம்மை ஊசி போட்ட குழந்தைகள் 31 விழுக்காடு என்ற அளவுக்குக் குறைந்தார்கள். 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 83 சாவு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அதே விகிதத்தைத் தமிழ்நாட்டின் மக்கள்தொகைக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 30,000 சாவு.

இந்தத் தவறைத் தடுப்பதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. எம்.ஆர். மருந்து சின்ன பாட்டிலில் வெள்ளைப் பொடியாக வரும். கரைக்கும் நீர் தனியாக வரும். மூடியின் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து சூடுபடாமல் வந்திருக்கிறது. சதுரம் வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டாலோ அதைவிடக் கருத்துவிட்டாலோ அந்தப் பாட்டிலைப் போடக் கூடாது. கரைத்த பிறகு நான்கு மணி நேரம்தான் கெடு. அதற்குமேல் வைத்திருந்தால் கிருமி பெருகிக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கரைத்த நேரத்தைப் பாட்டிலிலேயே எழுதிவைப்பார்கள். "எப்ப கரைச்சதுங்கம்மா?" என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார், பாட்டிலைத் திருப்பிக் காட்டுவார். ஒருமுறை மட்டுமே பயன்படும் சிரிஞ்சை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது தற்செயல். இதைச் சொல்வதுதான் கஷ்டம். தமிழ்நாட்டில் வருடத்துக்குச் சுமார் ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ஆயிரத்துக்குப் பதின்மூன்று என்ற 2020ஆம் ஆண்டின் சிசு மரண விகிதத்தை வைத்துப் பார்த்தால், பல காரணங்களால் தினமும் முப்பதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் இறக்கின்றன. அதே வயதில்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கைந்து தடவை ஊசி போடுகிறோம். ஊசியே கண்டுபிடிக்காத உலகமாக இருந்தாலும் நடந்திருக்கக்கூடிய சில மரணங்கள், ஊசி போட்ட மறுநாளில் வந்து விழத்தான் செய்யும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பால் மறைந்தார். தமிழ்நாடே அழுதது, பலர் அதன் பிறகு ஊசிக்குப் போகவில்லை. மத்திய நிபுணர் குழு விசாரித்து, அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அக்டோபரில் சொன்னது. அதற்குள் இரண்டாம் அலை எத்தனையோ வீடுகளைச் சிதைத்துவிட்டது. விசாரணை முடிவு ஆறு மாதம் கழித்து வந்தால் வதந்திக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? இந்த விஷயத்தில் அரசுமேல் எனக்குக் கோபம் உண்டு.

தற்செயல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற முதல் ரோட்டா வைரஸ் (குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி) சொட்டு மருந்தைப் பாருங்கள். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் கோளாறு பதினைந்து குழந்தைகளுக்கு வந்ததாகப் புகார் சேர்ந்ததும் 1999 ஜூலையில் நிறுத்திவைத்தார்கள். ஆராய்ந்ததில் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் ஆபத்து இருப்பது தெரிந்து, அக்டோபரில் மருந்து சந்தையைவிட்டே போனது. கொரோனா சமயத்தில் கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறைவது உறுதியானபோது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வயதுவாரியாகக் கணக்குப் போட்டார்கள். நோய்ப்பரவல் குறைவாக இருக்கும் காலத்தில், அறுபதுகளில் இருப்பவர்கள் ஒரு லட்சம் பேருக்கு ஊசி போட்டால், தீவிர சிகிச்சைக்குப் போவதிலிருந்து 14 பேர் தப்பிப்பார்கள். ஊசியால் கடுமையாகப் பாதிக்கப்படுபவர் 0.2 பேர். இருபதுகளில் இருப்பவர்களுக்கோ தப்பிப்பவர் 0.8, பாதிக்கப்படுபவர் 1.1. எனவே பிரிட்டனில் முதலில் முப்பது வயதுக்குக் கீழும், பிறகு நாற்பது வயதுக்குக் கீழும் வேறு ஊசி கொடுத்தார்கள். ஒரே ஊசி, ஒரே ஊர். வயது மாறியதும் விடை மாறிவிட்டது. அப்படி மாற்றிச் சொல்கிறவர்களைத்தான் நான் நம்புகிறேன்.

இதே முறையில் பார்த்தால், தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்ற குற்றச்சாட்டு நிற்காது. 1998இல் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட, அந்தக் குற்றச்சாட்டைக் கிளப்பிய கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் எந்தத் தொடர்பும் இல்லை.

மூன்றரை மாதத்தில் வந்த காய்ச்சலைப் பற்றி ஒன்று. அது பெரும்பாலும் பெண்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியில் உள்ள கக்குவான் இருமல் மருந்தின் வேலை. ஒன்பதாம் மாத ஊசியில் அந்த மருந்து இல்லை. அப்போது காய்ச்சல் வந்ததால் இப்போதும் வரும் என்று இல்லை. தனியார் மருத்துவமனைகளில் "பெயின்லெஸ்" என்று போடுவதில் காய்ச்சல் குறைவு, ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. இந்த ஊசியையே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே 1974இல் கக்குவான் இருமல் 393 பேருக்கு, சாவு இல்லை. ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்ததை அடுத்து ஊசியை நிறுத்திவைத்தார்கள், பயத்தில் மக்களும் விலகினார்கள். 1979இல் 13,000 பேருக்கு நோய், 41 சாவு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முந்தைய ஊசி எதற்காவது மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால், குழந்தை புற்றுநோய் சிகிச்சையிலோ அதிக அளவு ஸ்டீராய்டிலோ இருந்தால், எதிர்ப்பு சக்திக் குறைபாடு இருப்பதாக யாராவது சொல்லியிருந்தால், போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்கனவே வலிப்பு வந்திருந்தாலும் சொல்லுங்கள். சளி, லேசான இருமல், பல் முளைக்கும் நேரத்து இளஞ்சூடு இதற்கெல்லாம் தள்ளிப்போட வேண்டாம். கடுங்காய்ச்சல் இருந்தால் தேறியதும் போடலாம்.

புதன்கிழமை போனால் வலது மேல்கையில் எம்.ஆர். போடுவார்கள், வைட்டமின் ஏ திரவமும் கொடுப்பார்கள். அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை காய்ச்சல் வருகிறதா என்று தொட்டுப் பாருங்கள்; வந்தால் பாரசிட்டமால், குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று அன்றே கேட்டு அட்டையின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்ட கேள்வியை நர்ஸம்மாவிடமும் டாக்டரிடமும் அவரே நேரில் கேட்கட்டும். இரண்டாவது டோஸ் பதினாறிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள். அதையும் சேர்த்துப் போட்டால்தான் பாதுகாப்பு முழுசாகும்.